சாணி, வேம்பு, புகை: பூச்சி விரட்டலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பெண்களுக்கான இணைப்பிதழ்கள் கோடைக்கு ஒருமுறையும் மழைக்கு ஒருமுறையும் தவறாமல் வெளியிடுகிற பகுதி ஒன்று உண்டு. எறும்புக்கு மஞ்சள்தூள், கரப்பானுக்குக் கிராம்பு, கொசுவுக்கு நொச்சி, அரிசி வண்டுக்கு வேப்பிலையும் காய்ந்த மிளகாயும், புத்தகப் பூச்சிக்கு வசம்பு என்று ஒரு பட்டியல். மேலே 'பாட்டி சொன்ன இயற்கை வழிகள்' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. பட்டியலில் உள்ளவை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பலதும் ஓரளவுக்கு வேலை செய்யும். எனக்குச் சிக்கல் அந்தப் 'பாட்டி'யில்தான் தொடங்குகிறது. யாருடைய பாட்டி? எந்தத் தெருவில் இருந்தவர்? அவர் வீட்டில் மாடு இருந்ததா? வேப்பிலையை ஒடித்து வந்தது யார், இடித்தது யார், புகை போட்டுவிட்டு விடிய விடிய இருமியது யார்? இணைப்பிதழின் பாட்டிக்குச் சாதியும் இல்லை, உள்ளங்கையும் இல்லை.

'இயற்கை முறை' என்கிற சொல் நம் வீடுகளில் அப்படியொன்றும் பழையதில்லை. டப்பாவில் அடைத்த மருந்து வந்து உட்கார்ந்த பிறகு, அதற்கு எதிர்ப்பதமாகப் பின்னோக்கிச் சூட்டப்பட்ட பெயர் அது. அதற்கு முன்னால் அந்தக் காரியங்களுக்கெல்லாம் ஒரே பெயர்தான் இருந்தது: வேலை. அந்த வேலை ஆண் பெண் என்றும் சாதி வாரியாகவும் பங்கிடப்பட்டிருந்தது. பங்கீட்டைக் கழற்றிவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது வேலை 'அறிவு' ஆகிறது. அறிவு 'பாரம்பரியம்' ஆகிறது. பாரம்பரியம் பாட்டிலில் அடைபட்டு, பச்சை இலை போட்ட லேபிளோடு கடைக்கு வருகிறது. இந்த நகர்வின் சில கட்டங்களை மட்டும் இங்கே தொட்டுக்காட்ட முடியும். முழு வரலாறு எழுதும் தகுதி எனக்கில்லை.

* * *

சாணியில் தொடங்குவோம். மண்தரை காய்ந்தால் வெடிப்பு விழும். வெடிப்பில் எறும்பும் பூரானும் மூட்டைப்பூச்சியும் ஒதுங்கும். புழுதியில் தெள்ளுப்பூச்சியின் புழு வளரும். சாணியைக் கரைத்து மெழுகும்போது அதிலுள்ள நார் மண்ணைக் கட்டுகிறது, வெடிப்பை அடைக்கிறது, புழுதியை அமுக்குகிறது. பூச்சிக்கு ஒதுங்க இடமில்லாமல் போவதுதான் இங்கே நடக்கிற விரட்டல். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நாலைந்து நாளில் மெழுகல் பொரிந்துபோகும், மறுபடி மெழுக வேண்டும். செவ்வாய், வெள்ளி என்று கிழமை வைத்துக்கொண்டதில் சாஸ்திரம் கொஞ்சம் இருக்கலாம், தரையின் ஆயுள் நிறைய இருக்கிறது.

'சாணி ஒரு கிருமிநாசினி' என்று இன்று மேடைகளில் முழங்கப்படுவது வேறு சங்கதி. சாணியில் டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னியை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். அறுத்த தொப்புள்கொடியில் சாணி வைக்கிற வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் பிறந்த பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கிறது. தாய்க்கும் சிசுவுக்கும் வருகிற ரணஜன்னி இந்தியாவில் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது 2015இல்தான். அதைச் சாதித்தது தடுப்பூசியும், சுத்தமான பிளேடும், ஆஸ்பத்திரிப் பிரசவமும். சாணிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பேசுவதில்லை.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். என் சிறுவயதில், அதாவது 1990களின் கடைசியில், எங்கள் வீட்டில் இரண்டு பசுக்களும் ஓர் எருமையும் இருந்தன. கொட்டிலைக் கூட்டிச் சாணி அள்ள மேலத்தெருவுக்கு அப்பால், வாய்க்கால் தாண்டியிருந்த தெருவிலிருந்து ஒரு பெண் வருவார். விடியலில் வந்து சாணியை அள்ளி, கொஞ்சத்தை வாளியில் கரைத்து வாசல் தெளிப்பார், மீதியை வறட்டி தட்டுவார். மெழுகுவதற்கென்று நல்ல பசுஞ்சாணியாக ஓர் உருண்டை எடுத்துக் கொல்லைப்படியில் வைத்துவிட்டு விலகி நிற்பார். அப்பாயி வந்து அதன்மேல் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு போய் அடுக்களையை மெழுகுவார். இந்தக் காட்சியை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். எனக்கு அதில் எதுவும் உறுத்தியதில்லை. அவர் அள்ளிய சாணி அடுக்களைக்குள் போகும், அடுக்களையைச் சுத்தமாக்கும். அவர் போக முடியாது. அழுக்கு என்பது பொருளின் குணம் இல்லை, ஒரு சமூகம் போட்டுவைத்திருக்கிற ஒழுங்கின் விளைவு என்று மேரி டக்ளஸ் 1966இல் எழுதியதை எம்.ஏ. முடித்தபிறகு படித்தேன். படித்தபோது எனக்குக் கொல்லைப்படிதான் ஞாபகத்துக்கு வந்தது. சாணி தீட்டு இல்லை, அதை அள்ளும் கை தீட்டு. தண்ணீர் தெளித்ததும் கை மறைந்து சாணி மட்டும் மிஞ்சிவிடுகிறது. இணைப்பிதழ்கள் செய்வதும் ஏறக்குறைய இதே தண்ணீர் தெளிக்கும் காரியந்தான்.

கீழத்தஞ்சையில் சாணிக்கு இன்னொரு சரித்திரம் இருக்கிறது. பண்ணையாள் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால், எதிர்த்துப் பேசிவிட்டால் சவுக்கடி. அடித்த பிறகு சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. அதற்குச் 'சாணிப்பால்' என்று பெயர். பால் என்று பெயர் வைத்தவனின் நகைச்சுவையை என்னவென்று சொல்ல! பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் இயக்கம் இதை எதிர்த்து எழுந்தது. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் கூலிக் கணக்கோடு சேர்த்து, சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்பதும் இடம்பெற்றது. ஆக, ஒரே பொருள். மேட்டுத் தெருவில் தரையைப் புனிதப்படுத்துகிறது, களத்துமேட்டில் தொண்டைக்குள் இறங்குகிறது. இந்த இரண்டாவது பயன்பாட்டை எந்தப் 'பாரம்பரிய அறிவு'த் தொகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

தானியத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே உண்மையான நுட்பம் இருக்கிறது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பது, பயறில் விளக்கெண்ணெய் தடவுவது, விதைக்குச் சாம்பல் கலந்து வைப்பது, குதிரில் நெல்லுக்கு இடையிடையே நொச்சித்தழையும் வேப்பந்தழையும் பரப்புவது. இவற்றின் இயக்கத்தைப் பூச்சியியல் இன்று நன்றாகவே விளக்குகிறது. சாம்பல், மண் போன்ற நுண்துகள்கள் வண்டின் உடம்பின் மேலிருக்கும் மெழுகுப் படலத்தைச் சிராய்த்துவிடுகின்றன, உடம்பின் ஈரம் வெளியேறி வண்டு வறண்டு சாகிறது. எண்ணெய்ப் பூச்சு பயறின் மேல் ஒட்டியிருக்கும் முட்டைக்குக் காற்றுப் போகாமல் அடைக்கிறது. யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் பெயர் கிடையாது. முறத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இது பத்தாயமும் குதிரும் இருந்த வீட்டு அறிவு. அன்றாடம் கூலிநெல் வாங்கி அன்றாடம் குத்திப் பொங்கித் தின்ற வீட்டில் வண்டு விழும் அளவுக்கு எது மிஞ்சியது?

* * *

தமிழ் படித்தவன் என்பதால் ஏடுகள் பக்கம் கொஞ்சம் ஒதுங்குகிறேன். நம் இலக்கிய வரலாறே ஒருவகையில் பூச்சி விரட்டலின் வரலாறு. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறைக்குள் புற்று மூடிக் கிடந்ததாகவும், செல்லரித்தது போக மிச்சம்தான் கிடைத்ததாகவும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. கதைதான். ஆனால் ஒரு பக்தி மரபு தன் மூலநூல் கதைக்குள் கறையானுக்கு இவ்வளவு பெரிய பாத்திரம் கொடுத்திருப்பது சும்மா இல்லை. 'செல்லரித்த' என்கிற அடைமொழி இல்லாமல் பதிப்பு வரலாற்றை எழுதவே முடியாது. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் தங்கள் பதிப்புகளின் முன்னுரைகளிலும் நினைவுகளிலும் ஏடுகள் உதிர்ந்துபோனதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார்கள்.

ஓலைக்கு மஞ்சள் பூசுவார்கள், வசம்பு பூசுவார்கள். இலைச்சாற்றையும் கரியையும் குழைத்துத் தடவி எழுத்தைத் தெரியவைப்பதற்கு மையாடல் என்று பெயர். அதுவே பூச்சிக்குக் காப்பாகவும் ஆகும். வசம்புக்கு இரவில் பெயர் சொல்லக்கூடாது என்பதால் 'பேர் சொல்லா மருந்து' என்றே ஒரு பெயர் இருப்பதும், குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுப்பதால் 'பிள்ளை வளர்ப்பான்' என்று இன்னொரு பெயர் இருப்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். இவ்வளவு செய்தாலும் ஓர் ஏடு சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. படி எடுக்க வேண்டும். படி எடுக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறு வேண்டும், மடமோ அரண்மனையோ வேண்டும். ஆகவே எண்ணெய் தடவப்பட்ட ஏடு எது, தடவப்படாமல் விடப்பட்டது எது என்பதைப் பூச்சி தீர்மானிக்கவில்லை. கல்வெட்டில் நிலதானம் எழுதிவைத்தவர்கள் தீர்மானித்தார்கள். மெழுகியவர்கள் பாடிய பாட்டு ஓலைக்கே வரவில்லை, அதனால் செல்லரிக்கவும் இல்லை.

* * *

அடுத்த கட்டம் சுவரில் நடக்கிறது. டி.டி.டி. என்கிற ரசாயனம் 1874லேயே ஆய்வுக்கூடத்தில் உருவாகியிருந்தாலும் அது பூச்சியைக் கொல்லும் என்பதை 1939இல் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர். போர்க்காலத்தில் ராணுவத்துக்குப் பயன்பட்டது. 1948இல் அவருக்கு நோபல் பரிசு. இந்தியாவில் 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1958இல் 'கட்டுப்பாடு' போய் 'ஒழிப்பு' வந்தது. சொல்லை மாற்றியதிலேயே அந்தக் காலத்து நம்பிக்கை தெரிகிறது. டி.டி.டி. தயாரிக்கவென்றே 1954இல் ஒரு பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது. அணைக்கட்டு, எஃகு ஆலை வரிசையில் டி.டி.டி.யும் நேரு காலத்துப் பெருங்கதையாடலின் ஓர் அத்தியாயம்.

நம் சூழலியல் நண்பர்கள் பலரும் இந்த இடத்தில் ஒரு தாவு தாவி ரேச்சல் கார்சனுக்குப் போய்விடுவார்கள். நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். சுதந்திரம் வந்த சமயத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவில் விழுந்தார்கள், எட்டு லட்சம் பேர் செத்தார்கள் என்பது அரசு மதிப்பீடு. 1965 வாக்கில் நோயாளிகள் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரு லட்சத்துக்கு இறங்கியது. நொச்சிப் புகையால் இது நடக்கவில்லை. நம் பாட்டிகளிடம் நொச்சி இருந்த காலம் முழுக்க அந்த எட்டு லட்சம் பேரும் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 'அந்தக் காலத்தில் நோய் நொடி இல்லை' என்று எழுதுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேற்கொண்டு எழுதலாம்.

ஆனால் கதை அங்கே முடியவும் இல்லை. 1976இல் எண்ணிக்கை மறுபடி 64 லட்சத்தைத் தாண்டியது. கொசு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது, பணம் குறைந்தது, நிர்வாகம் தளர்ந்தது என்று பல காரணங்கள். அவற்றுள் ஒரு காரணம் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. டி.டி.டி. அடிக்கப்பட்டது காற்றில் இல்லை, சுவரில். ரத்தம் குடித்த கொசு சுவரில் போய் உட்காரும், உட்கார்ந்தால் சாகும் என்பது கணக்கு. அடித்த மருந்து மாதக்கணக்கில் சுவரிலேயே இருக்க வேண்டும். அரசாங்க ஆள் பம்போடு வந்து, பானை சட்டியை வெளியே வைக்கச் சொல்லி, அடித்துவிட்டுக் கதவோரம் தேதி எழுதிவிட்டுப் போவார். அடுத்து ஒரு பண்டிகை வரும். வீட்டுப் பெண் சுவரைச் சாணியும் மண்ணும் குழைத்து மெழுகிவிடுவாள், அல்லது சுண்ணாம்பு அடித்துவிடுவாள். அரசாங்கத்தின் மருந்து மெழுகலுக்கு அடியில் போய்விடும். மலேரியா ஒழிப்புக்காரர்களின் நிரந்தரப் புகார்களில் இது ஒன்று: சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை.

இதை 'மரபு எதிர் நவீனம்' என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரே சுவரைப் பூச்சியிலிருந்து காப்பாற்ற இரண்டு பேர் பூசினார்கள். ஒருவருக்கு அது மாதச் சம்பளம், சைக்கிள், பதிவேடு உள்ள வேலை. இன்னொருவருக்கு அது வேலை என்றே கணக்கில் வராத வேலை. பதிவேடு வைத்திருந்தவர் மற்றவரை அறியாமை என்று எழுதினார். எழுத்து யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

மூட்டைப்பூச்சி இதில் வேறொரு குட்டையைக் குழப்பியது. டி.டி.டி.க்கு மூட்டைப்பூச்சிகள் வெகு சீக்கிரம் பழகிவிட்டன. 1940களின் கடைசியிலேயே ஹவாயில் இது கண்டறியப்பட்டது. சாகாத பூச்சிகள் மருந்துபட்டு எரிச்சலில் இண்டு இடுக்கை விட்டுக் கிளம்பி ஊர ஆரம்பித்தன. 'மருந்தடிச்சா மூட்டைப்பூச்சி அதிகமாகுது' என்று இந்தியாவிலும் பிற நாடுகளிலும் சனங்கள் கதவைச் சாத்தினார்கள். அதிகாரிகள் இதையும் முதலில் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். பார்க்கப்போனால் சனங்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள்.

பூச்சியை முன்னிட்டு அரசு வீட்டுக்குள் நுழைந்ததற்கு இன்னும் பழைய முன்மாதிரி உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. மறு ஆண்டே கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சாமான்களை வெளியே எறிந்தார்கள், எரித்தார்கள், பெண்களைச் சோதித்தார்கள். பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். பிளேக்கைப் பரப்புவது எலித்தெள்ளு என்று பால்-லூயி சிமோன் கண்டறிந்து எழுதியது 1898இல். எந்தப் பூச்சி என்று தெரியாமலேயே வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார்கள்.

* * *

1960களுக்குப் பிறகு மருந்து அரசாங்க ஆளிடமிருந்து மளிகைக் கடைக்கு வந்தது. கையால் அடிக்கும் பம்பு, எறும்புப் பொடி, மூட்டைப்பூச்சி மருந்து. மூட்டைப்பூச்சி மருந்து என்றதும் தமிழ் வாசகருக்குக் கட்டில் ஞாபகம் வராது, செய்தித்தாள்தான் ஞாபகம் வரும். 'மூட்டைப்பூச்சி மருந்தைக் குடித்து' என்று தொடங்கும் ஒரு பத்திச் செய்தியை நாம் எத்தனை படித்திருப்போம்! இளம்பெண், வயிற்றுவலி, கோட்டாட்சியர் விசாரணை. சுவரைக் காப்பாற்ற வந்த மருந்து, வேலைக்கும் அடிக்கும் நடுவில் மாட்டியவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பங்கரை மாடத்தில் இருந்தது. வேப்பிலையால் யாரும் சாகவில்லையே என்று சொன்னால் அதை ஒப்புக்கொள்கிறேன். அரளி விதையும் 'இயற்கை'தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

அந்தச் சொல் எவ்வளவு வழுக்கலானது என்பதற்குக் கொசுவத்திச் சுருளை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. சுருளின் ஆதி மூலம் ஒரு பூ. சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரித்ரம். டால்மேஷியா பக்கத்துப் பூ, 1880களில் ஜப்பானுக்குப் போனது. உயேமா எய்ச்சிரோ என்பவர் அதை இடித்து 1890இல் ஊதுபத்திக் குச்சியாக்கினார். குச்சி சீக்கிரம் எரிந்து தீர்ந்தது. சுருளாகச் செய்தால் ராத்திரி முழுக்க எரியுமே என்று யோசனை சொன்னது அவருடைய மனைவி யூகி என்கிறார்கள். 1902இல் சுருள் கடைக்கு வந்தது. பிறகு கென்யாவின் மேட்டுநிலங்களில் அந்தப் பூ பெரும் பயிரானது. பூவைக் கையால்தான் கொய்ய வேண்டும். 1949இல் அந்தப் பூவிலிருக்கும் நஞ்சின் சாயலிலேயே அலெத்ரின் என்பதை ஆலையில் செய்தார்கள். இன்று பிளக்கில் செருகும் பாட்டிலில் இருப்பது அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள். பூ எந்த இடத்தில் முடிந்து ரசாயனம் எந்த இடத்தில் தொடங்குகிறது? பூச்சிக்கு அந்தக் கவலை இல்லை.

நம் வசம்பின் எண்ணெயிலேயே எலிகளுக்குப் புற்று உண்டாக்கும் பொருள் ஒன்று இருப்பதால் 1968இல் அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டுப் போனதை மலேசிய மருத்துவர்கள் 1981இல் எழுதினார்கள். வேப்பெண்ணெய் தொடாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அளவும் கையும் தெரியாமல் 'இயற்கை' என்கிற முத்திரையை மட்டும் நம்புவதற்கு, டப்பாவின் மேல் 'பாதுகாப்பானது' என்று போட்டிருப்பதை நம்புவதோடு பெரிய வித்தியாசம் இல்லை.

* * *

வேம்புக்கு வருவோம். அதன் விஞ்ஞான வரலாறு ஒரு நீண்ட பயணம். 1942இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டு வேப்பமரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்கிற ஜெர்மானியர் பார்த்தார். 1962இல் டெல்லியில் பிரதான் குழுவினர் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று காட்டினார்கள். 1968இல் இங்கிலாந்தில் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சி தின்பதை வெறுக்கவைக்கிறது, தின்றாலும் தோலுரிக்கவிடாமல் செய்கிறது. அது அவ்வளவு சிக்கலான மூலக்கூறு. செயற்கையாக உருவாக்க 22 ஆண்டுகள் ஆயின, 2007இல்தான் முடிந்தது.

1990இல் கிரேஸ் என்கிற அமெரிக்க நிறுவனமும் அமெரிக்க வேளாண்துறையும் வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் காப்புரிமை கேட்டன, 1994இல் கிடைத்தது. அப்போது எழுந்த எதிர்ப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிற்றிதழ்களிலும் கொதித்து எழுதினார்கள். வந்தனா சிவாவும் ஐரோப்பியப் பசுமைக் கட்சியினரும் சர்வதேச இயற்கை வேளாண் கூட்டமைப்பும் தொடுத்த எதிர்ப்பில் 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. பெரிய வெற்றி, சந்தேகமில்லை.

வெற்றியின் உள்விவரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2000இல் அந்தக் காப்புரிமையைச் சாய்ப்பதில் முக்கியமாக உதவியது, அதே மாதிரியான சாற்றைக் காப்புரிமைத் தேதிக்கு முன்பே இந்தியாவில் தயாரித்து வந்த ஒரு தொழிற்கூடக்காரரின் சாட்சியம். பாட்டியின் சாட்சியம் இல்லை. பாட்டியிடம் பில் புத்தகம் கிடையாது. 'முன்பயன்பாடு' என்று சட்டம் ஒத்துக்கொள்ள எழுத்து வேண்டும், தேதி வேண்டும், அளவு வேண்டும். நாம் 'இது எங்கள் அறிவு' என்று கோஷம் போட்டோம். அந்த 'எங்கள்' என்பதற்குள் வேப்பங்கொட்டை பொறுக்கியவர்களும் இருந்தார்கள், பொறுக்கியதைப் படிக்கு இவ்வளவு என்று அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்களும் இருந்தார்கள். அமெரிக்கக் கம்பெனிக்கு எதிரில் இரண்டு பேரும் ஒரே 'நாம்' ஆகிவிட்டார்கள். அந்தக் கணத்தில் அது தேவையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் கம்பெனி போன பிறகும் அந்த 'நாம்' பிரிக்கப்படாமல் அப்படியே கெட்டித்து, பாரம்பரியம் பேசுகிற மேடைகளுக்குத் தோதாக ஆகிவிட்டது. அந்த மேடைகளுக்கு யார் சொந்தக்காரர்கள் என்பது இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

* * *

இதை எழுதுவதற்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். சாணி அள்ள வந்த அந்தப் பெண்மணிக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட முப்பத்தைந்து வயது மூத்தவரை. அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். இப்போது அம்மா என்று கூப்பிட்டேன், அவர் தம்பி என்றார். இரண்டு பேருக்குமே முதல் ஒன்றிரண்டு வாக்கியம் கொஞ்சம் இடறியது.

பழைய காலத்தில் கொசுவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "என்னத்த செய்யிறது? வாய்க்கா கரையில வேம்பு நின்னுச்சு. தழைய ஒடிச்சாந்து சட்டியில போட்டு மூட்டம் போடுவோம். கொசு போவுதோ இல்லியோ, புள்ளைவ இருமும். கண்ணு எரியும்" என்றார். சாணி மெழுகியதைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டார். "எங்ககிட்ட ஏது தம்பி மாடு? உங்க மாட்டுச் சாணிதான். அதும் உங்க அப்பாயிகிட்ட கேட்டுத்தான் எடுக்கணும். வறட்டிக்குப் போவ மிச்சம் இருந்தா குடுக்கும். பொங்கலுக்கு ஒருதரம் மெழுவுவோம். வாரத்துக்கு ரெண்டுதரம் மெழுவுறதெல்லாம் உங்க வூட்டுக்குத்தான்."

வேம்பு பொதுவில் நின்றது, சாணி நிற்கவில்லை. எந்த 'இயற்கை' யாருக்குக் கிடைத்தது என்பதைச் சொத்துறவு தீர்மானித்திருக்கிறது என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அவர் இருப்பது தொகுப்பு வீடு. சிமெண்ட் தரை. மெழுகும் வேலை இல்லை. வாசலில் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் பிடித்து வைக்கிறார்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு அப்படிப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில்தான் பெருகும், பகலில்தான் கடிக்கும். விளக்குவைக்கும் நேரத்தில் போடுகிற சாம்பிராணிப் புகையும் நொச்சி மூட்டமும் அதனிடம் செல்லாது, அந்தப் பழைய நேரக்கணக்கு வேறு கொசுக்களுக்குப் போட்டது. டிரம்மின் மேல் பழைய புடவைத் துணியைக் கட்டியிருந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். "யாரு சொல்லணும்? புழு நெளிஞ்சத நான் பாத்தேன்" என்றார்.

உள்ளே சுவரில் கொசு மருந்து பாட்டில் செருகியிருந்தது, சின்னச் சிவப்பு விளக்கோடு. இது உடம்புக்கு ஆகாது என்கிறார்களே, வேப்பிலைப் புகையே போடலாமே என்று, சொல்லக்கூடாத வார்த்தையை நானே சொல்லிவிட்டேன். "வாய்க்கா கரை மரத்த வெட்டி வருசமாச்சு. இப்ப வேப்பெலைக்கு உங்க கொல்லைக்கா வரச் சொல்றீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பிறகு, "இது ஒண்ணுதான் தம்பி, நான் கைவைக்காம அதுபாட்டுக்கு நடக்குற வேலை" என்றார்.

பேரனுக்கு போன் சார்ஜ் போட வேண்டியிருந்தது. அந்த அறையில் ஒரே பிளக் பாயிண்ட்தான். கொசு மருந்தைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு போனைச் செருகினார். நேரம் ஐந்தரை இருக்கும்.